மூஞ்சி உன்னுது, தண்ணி என்னுது

கும்மிடிப்பூண்டி
18.11.2024

கவிப்பிரியா மேடத்துக்கு,

மேடம்னுதான் கூப்புடணுமாம் இப்போ. டிரைவர் அன்புராஜ் அண்ணன் சொன்னாரு. நம்ம கம்பெனியோட திருவள்ளூர் டிஸ்ப்ளே ஹால்ல உனக்குத் தனி டேபிளு, சொழல்ற சேரு, தலைக்கு மேல ஏ.சி. அவரு வெளையாட்டு பிளாக் பெட்டிய எறக்கி வெச்சிட்டு "கவி, டீ சாப்ட்டியா"ன்னு கேட்டாராம். பக்கத்துல இருந்த பொண்ணு "மேடம்னு சொல்லுங்க"ன்னு திருத்திச்சாம். நீ வாயே தொறக்கலியாம்.

உன் நம்பர போன்ல பிளாக் பண்ணி வெச்சது நான்தான். கை தவறி ஒண்ணும் படல. உன் குரலக் கேட்டா நான் கத்திடுவேன், ஹாஸ்டல்ல அத்தினி பேரும் வேடிக்க பாப்பாங்க. அதான் எழுதி அன்புராஜ் அண்ணன்கிட்ட குடுத்து அனுப்பறேன். மேல் பெட்டில மூடிக்கு அடியில இருக்கும். நீ எதுனா சொல்லணும்னா எழுதி அவர்கிட்டயே குடு. எழுதும்போது யாரும் யாரையும் குறுக்க பேச முடியாது, அது ஒரு வசதி.

உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதோ இல்லியோ, நானே சொல்லிடறேன். ஏழாம் நம்பர் மோல்டிங் மெஷின்ல ரெண்டு வருஷம் நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல நின்னோம். கொழந்தைங்க அடுக்கி வெளையாடற துண்டு பிளாக்குங்க சுடச்சுட வந்து விழும், நல்லது ஒரு பெட்டி, சொத்த ஒரு பெட்டின்னு பிரிப்போம். பிரிச்சுப் பிரிச்சு வெரல் ரேகையே அழிஞ்சி போச்சு. வருகைப் பதிவு மெஷின்ல நான் வெரல் வெச்சா இன்னிக்கும் ஒத்துக்காது. உனக்கு இப்போ ரேகை திரும்பி மொளைச்சிருக்கும்.

ஆயுத பூஜைக்கு அவங்கவங்க மெஷின அவங்கவங்க ஜோடிக்கணும். மத்த செக்‌ஷன்ல வாழமரம், கலர் பேப்பர்னு கட்டினாங்க. நாமதான் சொத்த பிளாக்க வெச்சே படம் பண்ணோம். எங்கம்மா பழவேற்காட்டு ஏரில கழுத்தளவு தண்ணில, எறா போடற பறிக் கூடையோட கயித்த பல்லால கடிச்சிக்கினு, ரெண்டு கையாலயும் எறா தடவுற படம். எங்கூர்ல பொம்பளைங்க வலையில்லாம அப்படித்தான் புடிப்பாங்கன்னு நான் சொன்னப்போ நீ வாய பொளந்துக்கினு கேட்ட. மூஞ்சி நீ செஞ்ச. தண்ணி நான் செஞ்சேன்.

ஹெட் ஆபீஸ்லேர்ந்து துளசிராமன் சார் வந்தாரு. அந்த நேரம் பாத்து நான் கேட்டாண்ட நின்னுக்கினு, எங்கம்மாவ உள்ள உடுங்கன்னு செக்யூரிட்டிகிட்ட கெஞ்சிக்கினு இருந்தேன். "இந்த மூஞ்சி யாரு செஞ்சது"ன்னு அவரு கேட்டாராம். நீ கைய தூக்கினியாம். நான் திரும்பி வர்றதுக்குள்ள நீ திருவள்ளூருக்குப் போறது முடிவாயிடுச்சு. தண்ணி யாரு செஞ்சதுன்னு ஒருத்தரும் கேக்கல.

படத்த மறுநாளே பிரிச்சு, சொத்தைய பொடியாக்கற கிரைண்டர்ல போட்டுட்டாங்க. இப்போ அதே படத்த போட்டோவப் பாத்து செவுரு உசரத்துக்கு நீ திருப்பி செய்யறியாம். எங்கம்மாவ. என்னை ஒரு வார்த்த கேக்காம.

எனக்குப் பொறாமதான், அத மறைக்க இன்னா இருக்குது. வயிறு எரியுது. நீ நல்லா இருக்கணும்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்ல.

வினோதா


மணவாள நகர்
22.11.2024

வினோ,

மேடம் என்று அந்தப் பெண் திருத்தியபோது நான் வாயைத் திறக்காதது உண்மைதான். வாயில் நாலு பிளாக்கைக் கவ்விக்கொண்டிருந்தேன். என் பழக்கம் உனக்குத் தெரியாதா? துப்பிவிட்டு நிமிர்வதற்குள் அன்பு அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார்.

நீ கேட்டில் நின்றிருந்த அந்த நேரத்தில் நடந்ததை நீ இல்லாமலேயே எழுதிவிட்டாய். சார் முதலில் "படம் யார் செய்தது" என்றுதான் கேட்டார். "நானும் வினோதாவும்" என்றேன். "மூஞ்சி யார்" என்றார். நான் என்றேன். "தண்ணி வினோதா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

இங்கே ஏ.சி. இருக்கிறது. அதைத் தவிர நீ நினைக்கிற எதுவும் இல்லை. பொங்கல் வரைக்கும் என்னைச் சோதனைக்கு வைத்திருக்கிறார்கள். ஜனவரி ஐந்தாம் தேதி ஹாலைத் திறக்கிறார்கள், அன்றைக்குப் படம் சுவரில் நிற்க வேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மோல்டிங்குக்குத் திரும்பிப் போ என்பார்கள். நான் அங்கே திரும்பி வரமாட்டேன் வினோ, வர விடமாட்டார்கள். என் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால்தான் வீரராகவன் மகள் இன்னும் வேலைக்குப் போகிறாள். இல்லையென்றால் பொதட்டூர்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறார். ஜாதகமெல்லாம் பார்த்தாகிவிட்டது.

முகம் முடிந்துவிட்டது. நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன். தண்ணீர்தான் வரவில்லை. இங்கே அனுப்புகிற பிளாக் எல்லாம் முதல் தரம். நீலம் என்றால் நீலம், பச்சை என்றால் பச்சை. போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுக்கிப் பார்த்தேன், பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கிறது. மூன்று தடவை பிரித்துவிட்டேன்.

நீ அன்றைக்குத் தண்ணீர் செய்தது எதால் என்று எனக்குத் தெரியும். மெஷினில் ஒரு கலரிலிருந்து இன்னொரு கலருக்கு மாற்றும்போது நடுவில் கொஞ்ச நேரம் நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் விழுமே, ரெண்டுங்கெட்டான் என்று நாம் பெயர் வைத்தோமே, அது. அது இந்த ஹாலுக்கு எந்தக் காலத்திலும் வராது. மெஷின் முன்னால் நிற்கிறவள் ஒதுக்கி வைத்தால்தான் உண்டு.

அடுத்த தடவை கலர் மாற்றும்போது ஒரு பையில் போட்டு அன்பு அண்ணனிடம் கொடுப்பாயா? கோபத்தோடேயே கொடு. பரவாயில்லை.

கவி


கும்மிடிப்பூண்டி
29.11.2024

கவி,

உன் லெட்டர்ல "பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கிறது"ன்னு ஒரு வரி வருது பாரு, அத மட்டும் திருப்பித் திருப்பிப் படிச்சேன். மனசுக்கு அவ்ளோ நிம்மதி. அன்னிக்கு ஹாஸ்டல்ல நாஷ்டாவுக்கு அதே காஞ்ச உப்புமாதான், அதுகூட ருசியா இருந்துச்சு.

ரெண்டுங்கெட்டான் வேணுமா உனக்கு? கேட்டுக்கோ. நேத்து நீலத்துலேர்ந்து பச்சைக்கு மாத்தினாங்க. வெளிய மழ ஊத்துது, ஷெட்டுக்குள்ள ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்கல. மொதல்ல சுத்த நீலமா வந்துச்சு. அப்புறம் ஓரத்துல நூலு கணக்கா பச்ச. அப்புறம் பாதிக்குப் பாதி. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. வெடியக்காலைல ஏரி எப்படி இருக்கும், மத்தியானம் முகத்துவாரத்தாண்ட கடல் தண்ணி உள்ள ஏறும்போது எப்படி இருக்கும், அத்தினியும் ட்ரேல வந்து விழுது. சத்தியமா சொல்றேன், நம்ம படத்துக்குக்கூட அவ்ளோ நல்ல கலரு கெடைக்கல.

ரெண்டு கையாலயும் அள்ளினேன். உன்னை நெனச்சிக்கினேன். கொண்டும்போய் கிரைண்டர்ல கொட்டிட்டேன். பொடியாவற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். எப்பவும் ரெண்டு கைப்புடி ஒளிச்சி வெக்கிறவ இன்னிக்கு ஒண்ணு உடாம போடறாளேன்னு சூப்பர்வைசர் அசந்து போயி, "வேலன்னா இப்படி இருக்கணும்"னு பாராட்டிட்டுப் போனாரு. இந்த வருஷத்துல எனக்குக் கெடச்ச மொத பாராட்டு அதான்.

இதோட நிறுத்திக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா இன்னிக்கு அன்புராஜ் அண்ணன் இன்னொரு சமாச்சாரம் சொன்னாரு. படத்துக்குக் கீழ மாட்டறதுக்குப் பித்தளைல பலகை அடிச்சி வந்திருக்குதாம். அதுல "என் அம்மா"ன்னு போட்டு, கீழ கவிப்பிரியான்னு போட்டிருக்குதாம். அவரு படிச்சிட்டு, "ஏம்மா, அது வினோதா அம்மா இல்ல?"ன்னு கேட்டதுக்கு நீ அவர உள்ள தள்ளிக்கினு போயி டீ வாங்கிக் குடுத்தியாம்.

யாருக்கு யாரு அம்மா? உங்கம்மா திலகவதி திருப்பாச்சூர்ல ஏழு ஏக்கர் நெலத்து ஓரமா கொட புடிச்சிக்கினு நிக்கிறவங்க. கால்ல சேறு பட்டா ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக் கழுவுறவங்க. அவங்கள எங்க ஏரில எறக்கி உட்டா எறா இல்ல, ஒரு பாசிகூட கெடைக்காது.

வேல போச்சு, சம்பளம் போச்சு, மேடம் பட்டம் போச்சு, அதெல்லாம் நீயே வெச்சிக்கோ. அம்மாவையும் எடுத்துக்கினியா நீ? அந்தப் பலகைய மாத்து. எங்கம்மா பேரு அஞ்சம்மாள், அது வினோதாவுக்கு அம்மா, அப்படின்னு போடு. வேற எதுவும் எனக்கு வேணாம்.

வினோதா


மணவாள நகர்
3.12.2024

வினோ,

ஆமாம், சொன்னேன். முதல் நாள் சார் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று போட்டோவைப் பார்த்தார். "இந்தம்மா யாரு" என்றார். "எங்கம்மா" என்று வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு எனக்கு நன்றாக இருந்தது, அதை உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? அன்றைக்கு முழுக்க நன்றாக இருந்தது.

நீ என் அம்மாவைப் பற்றி எழுதியது எல்லாம் சரி. ஹாஸ்டலிலிருந்து முதல் தடவை வீட்டுக்குப் போனபோது அவர் என்னைத் தொடவில்லை. துணிப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு, "மீன் வாசனை வருது, யாரோடல்லாம் சாப்பிடுற" என்று கேட்டார். எனக்கென்று ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்தார். இப்போது நான் இருக்கிற இந்த அறையிலிருந்து திருப்பாச்சூர் ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான். இன்றுவரை என்னை எட்டிப் பார்க்கவில்லை. ஏ.சி. வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறாராம், அவ்வளவுதான்.

உன் அம்மா பழவேற்காட்டிலிருந்து பஸ் மாறி மாறி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். தூக்குவாளியில் நண்டுக் குழம்பு இருக்கும். நீ என்ன செய்வாய் என்று சொல்லட்டுமா? "இன்னாத்துக்குமா இத்தினி தூரம் வர்ற, ரூமெல்லாம் நாறுது" என்று அவர்மேல் எரிந்து விழுவாய். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படுத்துவிடுவாய். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். நண்டின் காலை உடைத்துச் சதையை எடுத்து என் சோற்றில் வைப்பார். "உடைக்கத் தெரியலியே உனக்கு, இன்னா பொண்ணும்மா நீ" என்பார். இரண்டாவது வாரமே எனக்கு உடைக்க வந்துவிட்டது. வரவில்லை என்றே நடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகத்தை உன்னைவிட நான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முகம் எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை. ஞாபகம் இருக்கிறதா, முதலில் நீதான் முகம் செய்கிறேன் என்று உட்கார்ந்தாய். மூக்கு எங்கே வரவேண்டும் என்று என்னைக் கேட்டாய். அவருடைய இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. பெரிய படத்தில் அதை ஒரே ஒரு பழுப்பு பிளாக்கில் வைத்திருக்கிறேன். அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். பத்து வயதில் படகு தள்ளுகிற கோல் வழுக்கி அடித்தது. கேட்டேன், சொன்னார்.

நான் ஏ.சி.யில் இருப்பதைப் பார்த்து உனக்குப் பொறாமை. அது இந்த ஐப்பசியில் வந்த பொறாமை. எனக்கு உன்மேல் இருப்பது, நாம் அறையில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருப்பது. அதை வைத்துக்கொண்டுதான் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்தேன், உன்னோடு சிரித்தேன்.

பலகையை மாற்ற முடியாது. சார் அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார். மீன்பிடிக்கிற தாய், மெஷினில் நிற்கிற மகள், அவள் கையாலேயே அம்மா படம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது போய்ப் பொய் என்றால் முகம் நான் செய்தது என்பதையும் நம்பமாட்டார். அதோடு நான் பொதட்டூர்பேட்டைக்குத்தான் போக வேண்டும்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. கை எழுத மறுக்கிறது.

கவி


கும்மிடிப்பூண்டி
9.12.2024

கவிப்பிரியா,

புருவத்து வெட்டப் பத்தி நீ எழுதினத படிச்சிட்டு நான் ஷிப்டுக்கே போவல. அம்மாவுக்குப் போன் போட்டேன். "உன் புருவத்துல இருக்கறது எப்படிம்மா வந்துச்சு"ன்னு கேட்டேன். "கோல் அடிச்சது. கவி கேட்டுச்சே, அப்பவே சொன்னேனே. நீ எப்போ கேட்ட?"ன்னுச்சு. போன வெச்சிட்டேன்.

உன்னைத் திட்டறதுக்கு எனக்குத் தெரிஞ்ச வார்த்தயெல்லாம் யோசிச்சேன். எதுவும் பத்தல. நண்டு உடைக்கத் தெரியாத மாதிரி நடிச்சிருக்க நீ. நான் பக்கத்துலயே படுத்துக்கினு இருந்திருக்கேன்.

சரி. சண்ட போட்டு ஆவப்போறது ஒண்ணும் இல்ல. நான் இன்னா பண்ணப்போறேன்னு சொல்லிடறேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாத. அஞ்சாம் தேதி எங்கம்மாவ அந்த ஹாலுக்குக் கூட்டிக்கினு வருவேன். கம்பெனி ஆளுங்க குடும்பத்தோட வரலாம்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க. பலகையப் பத்தியும் நீ சொன்ன பொய்யப் பத்தியும் அதுகிட்ட நான் மூச்சு உடமாட்டேன். அதுக்கு எழுதப் படிக்க வராது. சும்மா கொண்டாந்து படத்துக்கு முன்னாடி நிறுத்துவேன். மூஞ்ச பாத்ததும் சார் ஓடி வருவாரு. "நீங்கதான் கவிப்பிரியாவோட அம்மாவா"ன்னு கேப்பாரு. எங்கம்மா பொய் பேசி நான் பாத்ததில்ல. இல்ல, நான் வினோதா அம்மான்னு சொல்லும்.

அந்த ஒரு வார்த்த அத்தினி பேருக்கு முன்னாடி அது வாயால வரணும். எனக்கு அது போதும்.

வினோதா


மணவாள நகர்
27.12.2024

வினோ,

அன்பு அண்ணன் பதில் இருக்கிறதா என்று நாலு தடவை கேட்டுவிட்டார். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

அழைத்து வா. வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாமா என்று நினைத்தேன். மாட்டேன், அங்கேயே இருப்பேன். அவர் இல்லை என்று சொல்வதைக் காதால் கேட்டுவிட்டால் எனக்கும் இது ஒரு வழியாக முடியும். சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அப்பா ஆறாம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தண்ணீர் இன்னும் வரவில்லை. நாலு நீலத்தைக் கலந்து வைத்து ஒப்பேற்றியிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று. திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரை நடத்திக் கூட்டி வராதே. முழங்கால் வலி என்று சொன்னார். ஆட்டோ பிடி. உனக்கு இதுவும் எரியும் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

கவி


கும்மிடிப்பூண்டி
8.1.2025

கவி,

அன்னிக்கு நீ என்கிட்ட வந்து எதையோ சொல்ல வாயெடுத்த. நான் மொகத்தத் திருப்பிக்கினு வந்துட்டேன். இப்போ நான் சொல்றத கேளு. நீயும் அங்கதான் நின்ன, ஆனா உனக்குத் தெரிஞ்சது பாதிதான்.

ஆட்டோலதான் கூட்டிக்கினு வந்தேன். நீ சொன்னதுக்காக இல்ல. கல்யாணத்துக்குக் கட்டற அந்த ஊதாப் பொடவைய அம்மாவுக்குக் கட்டி உட்டிருந்தேன், நடந்தா கசங்கிடும்.

உள்ள நொழஞ்சதும் படத்தப் பாத்து அப்படியே நின்னுடுச்சு. நானும் பாத்தேன். மூஞ்சி நல்லாத்தான் இருக்குது, சண்டாளி. கிட்ட போனா கட்ட கட்டையா இருக்குது, நாலு அடி தள்ளி வந்தா எங்கம்மா என்னை மொறைக்கிறா. அதப் பாத்ததும் எனக்கு உன் கைய ஒடிக்கணும் போல இருந்துச்சு. அம்மா மூஞ்சப் பத்தி ஒண்ணும் சொல்லல. கீழ பாத்துச்சு. "இன்னாடி இது, தண்ணி செத்துக் கெடக்குது. இதுல எறா இருக்காதே"ன்னுச்சு, நல்லா சத்தமா. நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. எனக்கு உச்சி குளுந்து போச்சு. அடுத்த நிமிஷமே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தத் தண்ணிய சாகடிச்சது யாருன்னு எனக்குத் தெரியுமே.

நான் நெனச்ச மாதிரியே துளசிராமன் சார் ஓடி வந்தாரு. படத்தப் பாக்கறாரு, அம்மாவப் பாக்கறாரு. கையெடுத்துக் கும்புட்டாரு. "அம்மா, நீங்கதான் கவிப்பிரியாவோட அம்மாவா"ன்னு கேட்டாரு. நான் எழுதிக் குடுத்த மாதிரி ஒரு எழுத்து மாறல. கூட்டம் சேந்துடுச்சு. நீ தூணாண்ட நின்ன. உன் மொகத்துல ரத்தமே இல்ல.

எங்கம்மா உன்னைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. திரும்பி உன்னைப் பாத்துச்சு.

"ஆமா, எம்பொண்ணு கவிதான்"னுச்சு.

அப்புறம் இன்னா நடந்துச்சுன்னு உனக்கே தெரியும். உங்க ரெண்டு பேரையும் பலகைக்குக் கீழ நிறுத்தினாங்க. சார் என்னைப் பாத்து, "நீ கொஞ்சம் தள்ளிக்கோம்மா"ன்னாரு. தள்ளிக்கினேன். "நீயே ஒரு போட்டோ எடுத்துடும்மா"ன்னு போன என் கைல குடுத்தாரு. எடுத்தேன். எங்கம்மா உன் தோள்ல கை போட்டுக்கினு சிரிக்குது. மொத ரெண்டும் சரியா உழல. திருப்பி எடுத்தேன்.

பொன்னேரி பஸ்ல ஏறி உக்காந்ததும் ஆரம்பிச்சேன். "அவளுக்காக ஏம்மா பொய் சொன்ன? நான் பக்கத்துலதான நிக்கிறேன்?" அது சன்னலுக்கு வெளிய பாத்துக்கினே சொல்லுது, "அந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்தியா. இல்லன்னு சொல்ல வாய் வர்ல."

"என் மூஞ்ச பாத்தியா நீ?"

"உன் மூஞ்சிக்கு இன்னா, அம்மா எங்க போயிடப்போறான்னு இருக்குது. அதுக்கு அப்படி இல்ல."

செங்குன்றம் வர்ற வரைக்கும் நான் அழுதுக்கினே வந்தேன். பக்கத்து சீட்டு பொம்பள தண்ணி பாட்டில நீட்டினாங்க. எங்கம்மா வாங்கிக் குடிச்சுது.

இப்போ நான் இன்னா பண்றது, நீயே சொல்லு. சார்கிட்ட போயி உண்மைய சொன்னா எங்கம்மா பொய் பேசிச்சுன்னு நானே சொல்லணும். சொல்லமாட்டேன். அந்தப் பலகை அங்கயே இருக்கட்டும், போ. உங்கப்பா வந்துட்டு வெறுங்கையோட திரும்பிப் போனாருன்னு அன்புராஜ் அண்ணன் சொன்னாரு. அதக் கேட்டு எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஏன் சந்தோஷப்படறேன்னு என் மேலயே எனக்குக் கோவம்.

ஆனா தண்ணி விஷயத்துல உன்னை உடமாட்டேன். எங்கம்மா அந்தச் செத்த தண்ணில கெடக்கக் கூடாது. இந்த வாரம் கலர் மாத்தறப்போ பை புடிச்சிக்கினு நிக்கப்போறேன், சூப்பர்வைசர் இன்னா சொன்னாலும் சரி. உன்கிட்ட குடுத்து அனுப்ப மாட்டேன், நீ தொடாத. லீவு போட்டு நானே வந்து வெப்பேன். யாரும்மா நீன்னு சார் கேட்டா, தண்ணி வெக்கிறவன்னு சொல்லிக்கிறேன்.

இன்னொண்ணு இருக்குது. இத எழுதறதுக்குள்ள மூணு தடவ பேனாவ கீழ வெச்சிட்டேன்.

அன்னிக்கு ஊட்டுக்குப் போயி கால கழுவிக்கினு, பொடவைய மாத்திக்கினு அம்மா சொல்லுது, "வர்ற ஞாயித்துக்கெழம பெரியவள வரச் சொல்லு. பொங்கலுக்கு முன்னாடி ஒரு வேள நம்ம ஊட்ல சாப்புடட்டும், நல்ல நண்டா எடுத்து வெக்கிறேன்." யாரும்மா பெரியவன்னேன். நீயாம். நீ ஆவணில பொறந்தவளாம், நான் ஐப்பசியாம். எப்போ கேட்டு வெச்சிக்கிச்சோ தெரியாது. பொறந்ததுலேர்ந்து அந்த ஊட்ல நான் ஒருத்திதான் பொண்ணு. நைனா செத்தப்புறம் அதுக்கு நான், எனக்கு அது. உன்னைக் கொண்டாந்து எனக்கு மேல உக்கார வெச்சிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி அடுப்ப பத்த வெக்குது.

நீ வந்தா என் வயிறு எரியும். நண்ட உனக்கு ஒடச்சு வெக்கும், பாத்துக்கினு உக்காந்திருக்கணும். நீ வர்லன்னா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அது வாசலுக்கு வந்து எட்டிப் பாக்கும். எரிச்சல நான் பொறுத்துக்குவேன். அத என்னால பாக்க முடியாது.

வந்து சேரு.

சின்னவ